அடுத்து எந்த நூல்? ஒரு பழைய கேள்வியின் வரலாறு

உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி டானியலின் ‘பஞ்சமர்’ நாவலை வாசித்து முடித்துவிட்டு, அடுத்து எதை வாசிக்கலாம் என்று நம்மிடம் வந்து கேட்டாள். 1972ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு நாவலை இன்றைய மாணவி ஒருத்தி தானாகவே தேடி வாசித்திருக்கின்றாள் என்பதே நமக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. நாம் வாய் திறக்குமுன், பக்கத்தில் நின்ற தோழி தன் கைப்பேசியில் நூற் பரிந்துரைத் தளமொன்றைத் திறந்து நாவலின் பெயரைத் தட்டினாள். வேறு ஏதேதோ பெயர்கள் வந்தன, ‘பஞ்சமர்’ வரவில்லை. ஆங்கில எழுத்திலே தட்டிப் பார்த்தாள், அப்பொழுதும் பயனில்லை. தெரியாது என்று அத்தளம் சொல்லவும் இல்லை. எங்கும் அமோகமாக விற்பனையாகும் நாலைந்து ஆங்கில நாவல்களின் அட்டைப் படங்களைக் காட்டி, இவற்றை நீ விரும்பக்கூடும் என்றது. செ. கணேசலிங்கனின் ‘நீண்ட பயண’த்தை வாசிக்குமாறு நாம் கூறினோம். “ஏன் சேர் அது?” என்று கேட்டாள் அந்த மாணவி.

நியாயமான கேள்வி. ‘நீண்ட பயணம்’ 1965இல் வெளிவந்தது. அதே யாழ்ப்பாணக் கிராமம், அதே சாதிக் கொடுமை. ஆனால் எழுதியவர் வேறொருவர், நோக்கிய இடமும் வேறு. இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பவர், ஒரே பிரச்சினை இரு எழுத்தாளர் கைகளில் எவ்வாறு இரு வடிவங் கொள்கின்றது என்பதைக் காணலாம். இதுவே நாம் கூறிய விடை. இது பிழையான விடையாகவும் இருக்கலாம். ஆனால் பிழையென்று நம் முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு உரிமையுண்டு. நாளைக்கும் அதே பாடசாலையில், அதே மேசைக்குப் பின்னால் நாம் இருப்போம்.

‘ஏன் அது?’ என்னும் கேள்விக்குக் கடந்த ஒரு நூற்றாண்டில் யார் யார் விடையளித்தனர், அவ்விடைக்கு யார் பொறுப்பேற்றனர் என்பதை ஆராய்ந்தால், இன்று கைப்பேசித் திரையிலே நம்மை எதிர்கொள்ளும் பரிந்துரை இயந்திரம் வானத்திலிருந்து குதித்ததன்று என்பது புலனாகும். அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றுக்கு ஒரு பொருளாதார அடிப்படையும் உண்டு.

ஏட்டுச் சுவடியின் காலத்தில் இக்கேள்விக்கு இடமிருக்கவில்லை. திண்ணைப் பள்ளியிலே ஆசிரியர் வகுத்த வரிசைப்படி நீதி நூல், நிகண்டு, அந்தாதி என்று மாணாக்கன் சென்றான். கையில் கிடைத்ததே அடுத்த நூல். அச்சியந்திரமும் சந்தையும் சேர்ந்து நூலைப் பண்டமாக்கிய பின்னரே, குவியலின் முன் நின்று வாசகன் திகைக்கின்றான். திகைப்பவனுக்கு வழிகாட்டுவதும் ஒரு தொழிலாகிவிடுகின்றது. 

அத்தொழிலைப் பெருமுதலீட்டோடு முதலிற் செய்தவர்களுள் ஹாரி ஷேர்மன் குறிப்பிடத்தக்கவர். விளம்பரத் துறையிற் பயின்ற இவர், 1926இல் நியூயோர்க்கிலே ‘மாதம் ஒரு நூல் கழகம்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். எழுத்தாளரும் பேராசிரியரும் அடங்கிய நடுவர் குழு மாதந்தோறும் ஒரு நூலைத் தெரிந்தெடுக்கும். அது தபாலில் உறுப்பினர் வீட்டுக்கு வந்து சேரும். வேண்டாமென்று உறுப்பினர் முன்கூட்டியே எழுதாவிடின் நூல் வந்தே தீரும் என்ற ஏற்பாடு விரைவில் நிலைபெற்றது. வாசகனின் சோம்பலை இலாபமாக மாற்றும் இவ்வித்தையை இணைய வணிகர் கண்டுபிடித்ததாக நினைப்போர் ஷேர்மனை மறந்துவிடுகின்றனர்.

‘ஏன் அது?’ என்று கேட்டால் இக்கழகத்தின் விடை, ‘அறிஞர் தெரிந்தெடுத்தனர்’ என்பது. அறிஞர் தெரிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ரிச்சர்ட் ரைட்டின் அனுபவம் காட்டும். 1940இல் அவருடைய ‘நேட்டிவ் சன்’ இக்கழகத்தின் தெரிவாயிற்று. கறுப்பின எழுத்தாளர் ஒருவருக்கு இவ்வாய்ப்புக் கிட்டியது அதுவே முதற்றடவை. ஆனால் கழகம் ஆட்சேபித்த பகுதிகளை நீக்கியும் திருத்தியும் தந்த பின்னரே நாவல் உறுப்பினர் கைக்குச் சென்றது. ரைட் முதலில் எழுதிய பாடம் 1991இலேதான் அச்சேறியது. ஐந்தாண்டு கழித்து வெளிவந்த அவரது சுயசரிதையின் பிற்பாதியும் இக்கழகத்தின் விருப்பத்துக்கிணங்க வெட்டப்பட்டது. பரிந்துரைப்பவன் பலம் பெற்றால் நூலைத் தெரிவதோடு நில்லான். நூலையே மாற்றவும் தலைப்படுவான் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

முதலாளித்துவ நிறுவனம் அப்படித்தான் செய்யும் என்று நாம் திருப்தியடைந்துவிட முடியாது. 1936இல் லண்டனில் பதிப்பாளர் விக்டர் கொலான்ஸ், ஜோன் ஸ்ட்ரேச்சி, ஹரல்ட் லாஸ்கி ஆகிய மூவர் கூடி ‘இடதுசாரி நூற்கழக’த்தைத் தொடங்கினர். மாதந்தோறும் ஒரு நூல், விலை 2 ஷில்லிங் 6 பென்ஸ். ஸ்பானிய உள்நாட்டுப் போரும் பாசிச அபாயமும் மக்களைத் தட்டியெழுப்பிய காலம் அது. 1939 அளவில் உறுப்பினர் தொகை ஏறத்தாழ 57,000 ஆயிற்று. பிரித்தானியாவெங்கும் நூற்றுக்கணக்கான கலந்துரையாடற் குழுக்கள் தோன்றின. வாசித்த நூலைப் பற்றித் தொழிலாளரும் எழுதுவினைஞரும் ஆசிரியரும் ஒரே அறையில் இருந்து வாதிட்டனர். வாசிப்பு தனிமனித நுகர்வு என்ற நிலை மாறிச் சமுதாயச் செயலான அருமையான சந்தர்ப்பம் இது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இதே கொலான்ஸ்தான், ஸ்பெயினிலிருந்து திரும்பிய ஜோர்ஜ் ஓர்வெல், கற்றலோனியாவைப் பற்றி எழுதவிருந்த நூலை, எழுதி முடிக்குமுன்னரே வேண்டாமென்றவர். கம்யூனிஸ்டுகள் அங்கு நடந்துகொண்ட விதத்தை அந்நூல் கண்டித்துவிடும் என்பது அவர் அச்சம். 1938இல் அது வேறொரு பதிப்பகத்திலிருந்து வெளிவந்தது. ஓர்வெலின் பிற்கால அரசியலை நாம் ஏற்கலாம், ஏற்காது விடலாம். ஆயின் உழைக்கும் மக்களுக்கு எது தெரியக்கூடாது என்று நம்மவர் சிலரும் முடிவு செய்திருக்கின்றனர் என்பதை மறைத்துவிட்டு, இயந்திரத்தை மட்டும் குற்றஞ் சாட்டுவது நேர்மையாகாது.

எனினும் ஒன்று. ஷேர்மனின் நடுவருக்கும் பெயருண்டு, கொலான்ஸுக்கும் பெயருண்டு. வசைபாட ஓர் ஆள் இருந்தான்.

இவ்விரு கழகங்களும் எல்லா வாசகருக்கும் ஒரே நூலை அனுப்பின. ஆளுக்கேற்ற நூலைக் கொடுப்பது எவ்வாறு என்ற வினாவை அதே காலத்தில் எழுப்பியவர் சீர்காழியிற் பிறந்த ஒரு தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியிலே கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வேலை தனிமையாக இருந்தது. வகுப்பறைக்கே திரும்பிவிட எண்ணினார். லண்டனுக்குச் சென்று பொது நூலகங்களைக் கண்ட பின் அவர் உள்ளம் மாறிற்று. 1931இல் அவர் வெளியிட்ட நூலக இயலின் ஐந்து விதிகளுள் இரண்டை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் உண்டு என்பது இரண்டாம் விதி. நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் உண்டு என்பது மூன்றாம் விதி. ஒன்றையொன்று திருப்பிச் சொன்னது போலத் தோன்றும் இவை ஒன்றல்ல. இரண்டாவது, வாசகன் பக்கத்திலிருந்து நூலைத் தேடுகின்றது. மூன்றாவது, தட்டிலே தூசு படிந்து கிடக்கும் நூலின் பக்கத்திலிருந்து ஒரு வாசகனைத் தேடுகின்றது. சந்தைக்கு இரண்டாம் விதி போதும். மூன்றாம் விதியை ஏற்பவன், விலைபோகாத நூலுக்கும் கடமைப்பட்டவனாகின்றான். கணக்கியல் அறிந்த இரங்கநாதன் அக்கடமையை எந்தச் சூத்திரத்திடமும் ஒப்படைக்கவில்லை. வாசகனையும் நூலையும் அறிந்த நூலகரிடம் ஒப்படைத்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

நமக்கு இவர் அந்நியரல்லர். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கட்டடம் திட்டமிடப்பட்ட போது ஆலோசனை வழங்கியவர் இவரே. 1959இல் திறக்கப்பட்ட அந்நூலகம் 1981 ஜூன் முதலாந் திகதி இரவோடிரவாக எரிக்கப்பட்டதையும், ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதையும் இவ்விதழின் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் குறிப்போம். எந்த நூலுக்குப் பக்கத்தில் எந்த நூல் என்னும் ஒழுங்கும் ஒருவகைப் பரிந்துரையே. ஒன்றைத் தேடிச் சென்றவன் கை, பக்கத்திலிருப்பதையும் தொடும். எரிந்தது நூல்கள் மாத்திரமல்ல. பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த அந்த அயலும் எரிந்தது. 

கணினி இத்துறைக்குள் நுழைந்தது 1979இல். எலெய்ன் ரிச் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ‘கிரண்டி’ எனப் பெயரிட்ட நிரலொன்றை உருவாக்கினார். அது நூலகரைப் போலப் பாவனை செய்தது. உன்னைப் பற்றிச் சில சொற்களிற் சொல் என்று முதலிற் கேட்கும்; அச்சொற்களைக் கொண்டு ஆளை ஏதோ சில வகை மாதிரிகளுள் அடக்கும்; அதற்கேற்ப ஒரு நாவலைக் கூறும். வேண்டாமென்றால் ஏன் என்று வினவித் தன் கணிப்பைத் திருத்தும். மனிதரை வார்ப்புகளுள் அடைக்கும் குறை அதிற் பெரிதாக இருந்தது என்பது உண்மையே. ஆயினும் ‘நீ யார்?’ என்று வாசகனையே கேட்ட இயந்திரம் அது. பின்வந்தவை கேட்பதை நிறுத்திவிட்டு, கவனிக்கத் தொடங்கின.

1992இல் கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் ஆய்வுகூடத்தினர் ‘டாப்பெஸ்ட்ரி’ என்றொரு முறையை விவரித்தனர். மலைபோலக் குவியும் மின்னஞ்சல்களுள் எது பயனுள்ளது என்று ஆய்வுகூடத் தோழர்கள் குறிப்பு எழுதிவைப்பர். இன்னார் பயனுள்ளதென்று குறித்ததை எனக்குக் காட்டு என்று மற்றவர் கேட்பர். கூட்டுச் சலித்தெடுப்பு என்று தமிழிற் கூறத்தக்க பெயரை இம்முறைக்கு அவர்களே சூட்டினர். கிராமத்து வாசிகசாலையிலே, “இன்றைய பேப்பரிலே நாலாம் பக்கத்தைப் பார்” என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்வதற்கும் இதற்கும் சாராம்சத்தில் வேறுபாடில்லை. சொன்னவர் யார் என்பது கேட்டவருக்குத் தெரியும். 1994இல் மினசோட்டாவிலும் மசசூசெட்சிலும் இருந்த ஆய்வாளர் உருவாக்கிய ‘குரூப்லென்ஸ்’ அடுத்த படியை எடுத்து வைத்தது. யூஸ்நெட் செய்திக் குழுக்களின் வாசகர் ஒவ்வொரு செய்திக்கும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளியிடுவர். உன்னைப் போலப் புள்ளியிட்டவர்களை இயந்திரமே தேடிப் பிடித்து, அவர்கள் விரும்பியதை உனக்குக் காட்டும். இங்கேதான் பரிந்துரைப்பவர் முகத்தை இழக்கின்றார். உன்னைப் போன்றோர் இருக்கின்றனர். யாரென்று உனக்குத் தெரியாது.

இவையெல்லாம் ஆய்வுகூடச் சிறு முயற்சிகள். 1995 ஜூலையில் அமெரிக்காவின் சியாட்டில் நகரை மையமாகக் கொண்டு இணையத்தில் நூல் விற்கத் தொடங்கிய அமேசன் நிறுவனமே இவற்றைப் பெருவணிகமாக்கிற்று. தொடக்கத்தில் அந்நிறுவனம் எழுத்தாளரையும் விமர்சகரையும் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தது. நூல்களை வாசித்து மதிப்புரை எழுதுவதும், முகப்பிலே எதை வைப்பது என்று தெரிவதும் அவர்கள் வேலை. அவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் மார்க்கஸ் பின்னர் 2004இல் அவ்வனுபவங்களை நூலாக எழுதினார். மறுபுறத்தில், கிரெக் லிண்டன் முதலிய பொறியியலாளர் ஒரு புது வழி கண்டனர். ஆளை ஆளோடு ஒப்பிடுவதை விட்டு, பொருளைப் பொருளோடு ஒப்பிடுவது அது. இந்நூலை வாங்கியோருள் எத்தனை பேர் அந்நூலையும் வாங்கினர் என்று எண்ண வேண்டும். அந்நூல் எல்லாருமே வாங்கும் நூலாயின் அவ்வெண்ணிக்கைக்கு மதிப்பைக் குறைக்க வேண்டும்; இல்லாவிடின் ஹரி பொட்டர் எல்லாருக்கும் அயலாகிவிடும். இக்கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்துக்கொண்டால், வாடிக்கையாளர் எத்தனை கோடியானாலும் கண நேரத்தில் விடை தரலாம். லிண்டனும் மற்றும் இருவரும் 2003இல் இம்முறையை விளக்கி எழுதிய போது நிறுவனத்துக்கு 2 கோடியே 90 இலட்சம் வாடிக்கையாளர் இருந்தனர்.

மனிதர் எழுதிய மதிப்புரைகளைவிட இக்கணக்கு அதிக நூல்களை விற்றது. முடிவு நாம் ஊகிக்கக்கூடியதே. ஆசிரியர் குழு படிப்படியாகக் கரைந்தது. முகப்பை நிரப்பும் வேலை தன்னியக்க நிரலொன்றுக்குச் சென்றது. 2002இல் சியாட்டில் வார இதழொன்றிலே பெயர் குறிப்பிடாத ஒருவர், அந்நிரலையே விளித்து, இரத்தமும் சதையுமான மனிதரின் அழகிய ஒழுங்கின்மையே இறுதியில் வெல்லும் என்ற கருத்தில் ஒரு சிறு விளம்பரம் போட்டார். வேலையிழந்த நெசவாளி தறியை உடைத்தான். வேலையிழந்த விமர்சகன் வரி விளம்பரம் போட்டான். 

அக்குழு இருந்த காலத்தைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. ‘புதியதும் குறிப்பிடத்தக்கதும்’ என்ற தலைப்பின் கீழ் முகப்பில் இடம்பெற்ற நூல்களுக்குப் பதிப்பாளரிடமிருந்து 10,000 டாலர் வரை அந்நிறுவனம் பெற்றுவந்தது என்னும் செய்தியை 1999 பெப்ரவரியில் ‘நியூயோர்க் டைம்ஸ்’ அம்பலப்படுத்திற்று. கண்டனம் எழுந்த பின்னரே, பணம் பெற்ற இடங்களை வாசகருக்கு அறிவிப்பதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இயந்திரத்தின் நற்பயனையும் ஒளியாது கூறுவோம். 1988இல் ஜோ சிம்சன் எழுதிய மலையேற்ற அனுபவ நூல் ஒன்று சில ஆண்டுகளில் ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தது. 1997இல் ஜோன் கிராகௌர் எவரெஸ்ட் விபத்தைப் பற்றி எழுதிய நூல் பெருவிற்பனை கண்ட போது, அதை வாங்கியோருக்கு இணையக் கணக்கு சிம்சனின் நூலைக் காட்டிற்று. மறந்த நூல் மீண்டும் அச்சேறி விற்பனைப் பட்டியலிலும் ஏறியது. கிரிஸ் அண்டர்சன் 2004இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இவ்வுதாரணத்துடனேயே தொடங்குகின்றது. கடைத் தட்டிலே இடமில்லாத நூல்களுக்கெல்லாம் இனி விடிவுகாலம் என்பது அக்கட்டுரையின் நம்பிக்கை. அந்நம்பிக்கை முற்றிலும் வீணானதன்று. ஆனால் சிம்சனின் நூலைத் தூக்கிவிட்டது முன்னரே அதை வாங்கியிருந்த சிலரின் தடம். தடமே இல்லாத நூலை இக்கணக்குத் தூக்கமாட்டாது.

இக்கணக்கின் எல்லை யாது? தமிழ் வாசகர் எல்லாரும் அறிந்த ஒரு சம்பவத்தைக் கொண்டு அளந்து பார்க்கலாம். 1880இல் கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். என்ன படித்திருக்கின்றீர் என்று முதலியார் கேட்க, தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று ஐயர் வரிசையாகச் சொன்னார். முதலியார் முகத்தில் மலர்ச்சியில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்பது அவருடைய அடுத்த கேள்வி. ஐயர் அவற்றைக் கண்ணாற் கண்டதுமில்லை. அந்தச் சந்திப்பின் விளைவாக 1887இல் சிந்தாமணி அச்சில் வெளிவந்ததும், தொடர்ந்து சங்க நூல்கள் வெளிவந்ததும் இலக்கிய வரலாறு.

அன்று கும்பகோணத்தில் இன்றைய இயந்திரம் இருந்ததாகக் கற்பனை செய்வோம். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டோர், திருவாவடுதுறை மடத்திற் பயின்றோர் யாவரும் ஏறக்குறைய ஒரே நூல்களைத்தான் கற்றனர். ஐயர் கற்றவற்றை உள்ளிட்டால் இயந்திரம் என்ன சொல்லியிருக்கும்? ஐயர் இன்னும் படியாத இன்னோர் அந்தாதியைச் சொல்லியிருக்கும். அது பிழையான விடையுமன்று. அவ்வந்தாதியை ஐயர் மிகவும் விரும்பியிருப்பார்! சமண காவியமான சிந்தாமணியைச் சைவ மடத்து மாணாக்கருள் எவரும் நாடவில்லையாதலால், அவ்விரண்டுக்குமிடையே கணக்கில் எத்தொடர்பும் இராது. ஐயரைப் போன்றோர் எதை விரும்பினர் என்று முதலியார் எண்ணிப் பார்க்கவில்லை. அவர்களெல்லாரும் எதை மறந்துவிட்டனர் என்று கேட்டார். பொருள் விளங்குவதற்காக ஐயர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிச் செல்ல நேர்ந்தது என்பதையும் நினைவிற்கொள்க. நல்ல பரிந்துரை, வாசகனை அவனுடைய கூட்டத்தை விட்டு வெளியே அனுப்புகின்றது.

இனி, இத்தடங்கள் யாருக்குச் சொந்தம் என்னும் பிரச்சினைக்கு வருவோம். 2005இல் லைப்ரரிதிங், 2007இல் குட்ரீட்ஸ் என வாசகர் தம் நூற்பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும் தளங்கள் தோன்றின. ஆசிரியர், மாணவர், இல்லத்தரசியர், ஓய்வுபெற்றோர் எனப் பலதரப்பட்டோர் ஒரு சதமும் பெறாது மதிப்புரை எழுதினர், புள்ளியிட்டனர், பட்டியல் அமைத்தனர். இவ்வளவு பெரிய கூட்டு இலக்கிய உழைப்பு முன்னெக்காலத்திலும் நிகழ்ந்ததில்லை எனலாம். 2013 மார்ச்சில் குட்ரீட்ஸை அமேசன் வாங்கிற்று. அப்பொழுது அதில் 1 கோடியே 60 இலட்சம் உறுப்பினர் இருந்தனர். அவர்கள் எழுதியவையெல்லாம் நூல் விற்பவனின் கைக்குச் சென்றன. அத்தரவுகளைக் கொண்டு வேறு கருவிகளை ஆக்கிக்கொள்ளப் பிறருக்கு இருந்த வாயிலும் 2020 டிசம்பரில் அடைபடத் தொடங்கிற்று. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தை வேலியடைத்த பிரபுக்களின் கதையை நம் மாணவர் வரலாற்றுப் பாடத்தில் வாசிக்கின்றனர். வேலி இங்கும் அதே வேலி. அதற்கு வெளியே நின்று முயல்வோரும் உளர்: லண்டனில் நாடியா ஒடுனாயோ என்னும் பெண் பொறியியலாளர் உருவாக்கிய ‘ஸ்டோரிகிராப்’ அவற்றுள் ஒன்று.

ஒரு கையில் எல்லாம் குவிந்தால் ஒரு பிழையும் பெரும் பிழையாகின்றது. 2009 ஏப்ரலில், அமேசனின் விற்பனை வரிசையிலிருந்து 57,310 நூல்கள் மறைந்தன. ஒருபாலுறவினர் பற்றிய நூல்கள் பல அவற்றுள் அடங்கின. அட்டவணைப்படுத்தியதில் நேர்ந்த தவறு என்றது நிறுவனம். நூல்களை எவரும் எரிக்கவில்லை, தடைசெய்யவும் இல்லை. தேடியவர் கண்ணிற் படவில்லை, அவ்வளவே. வாசகர் கூட்டமே கணக்கைத் திரித்துவிடுவதும் உண்டு. ரஷ்யாவைக் களமாகக் கொண்டது என்ற ஒரே காரணத்துக்காக, அச்சிலும் வராத எலிசபெத் கில்பர்ட்டின் நாவலொன்றுக்கு 2023இல் குட்ரீட்ஸிலே நூற்றுக்கணக்கானோர் ஒற்றைப் புள்ளியிட்டனர்; அவர் வெளியீட்டையே நிறுத்திவைத்தார்.

ஈழத்துத் தமிழ் நூலின் நிலைமை இவற்றினின்றும் வேறு. அதை மறைக்க எவரும் தவறு செய்ய வேண்டியதில்லை. நம்மவர் நூலொன்று சில நூறு படிகள் அச்சாகின்றது. ஆசிரியரே பதிப்பாளர், ஆசிரியரே விற்பனையாளர். வெளியீட்டு விழாவிலே சில படிகள் விலைபோகும்; மீதி நண்பர் கைகளில் அன்பளிப்பாகச் சேரும். வாங்கியதற்குக் கணக்கில்லை, வாசித்ததற்குத் தடமில்லை. கருப்பையில் இருக்கும் போதே கணக்கை விட்டு விலகிய பிள்ளை அது. அமேசனின் மின்னூற் கருவி தமிழை ஏற்றுக்கொண்டதே 2016 டிசம்பரில்தான். காட்டப்படுவது விற்கின்றது, விற்பது காட்டப்படுகின்றது என்னும் வட்டத்துக்கு வெளியே பிறந்த நூலுக்கு இரங்கநாதனின் மூன்றாம் விதியைத் தவிர வேறு கதியில்லை. 2005இல் தன்னார்வலர் சிலர் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் அவ்விதியின் வழி நிற்கும் முயற்சி எனலாம். ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பல்லாயிரக்கணக்கில் அங்கு வருடியெடுத்து வைக்கப்பட்டுள்ளன. எவரும் இலவசமாக வாசிக்கலாம். ஆனால் திறந்து கிடக்கும் தட்டின் முன்னும் மாணவன் திகைத்துத்தான் நிற்கின்றான். ‘மல்லிகை’யின் பழைய இதழ்களுள் எதை முதலில் எடுப்பது என்று யாரேனும் சொல்லியாக வேண்டும்.

சொல்வதற்கு இப்பொழுது உரையாடும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவை வாங்கியோரை எண்ணுவதோடு அமையவில்லை. நூல்களைப் பற்றி எழுதப்பட்டவற்றை வாரியெடுத்துக் கற்று, அவற்றைப் போலவே பேசுகின்றன. 2025 மே மாதம் ‘சிக்காகோ சன்-டைம்ஸ்’ நாளிதழுடன் வெளிவந்த இணைப்பொன்றிலே கோடை விடுமுறையில் வாசிக்க 15 நூல்கள் பரிந்துரைக்கப்பட்டன. இசபெல் அலெண்டே முதலிய புகழ்பெற்ற ஆசிரியரின் பெயர்கள், கதைச் சுருக்கங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. 10 நூல்கள் உலகத்திலேயே இல்லை. பட்டியலை இயந்திரத்திடம் கேட்டுப் பெற்றவர் அதைச் சரிபார்க்கவில்லை. இணைப்பைத் தயாரித்தது வெளி நிறுவனம். பத்திரிகை ஆசிரியர் குழு அதைக் கண்டதுமில்லை. வாசகர் நூலகத்துக்குப் போய்க் கேட்டிருந்தால், அட்டவணையைப் புரட்டி அப்படியொரு நூல் இல்லையென்று சொல்லியிருக்கக்கூடியவர் ஒரு நூலகரே. அங்கே இல்லாத நூலுக்கு விளம்பரம்; இங்கே ‘பஞ்சமர்’ இருந்தும் இல்லை.

நாம் கைப்பேசியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆங்கில நூலொன்றைத் தேடும் போது நாமும் அக்கணக்கைப் பயன்படுத்துகின்றோம். சில நல்ல நூல்களை அது நமக்குக் காட்டியுமிருக்கின்றது. கொலான்ஸின் கழகத்தைப் போல ஒரு குழு எல்லாருக்கும் ஒரே நூலைத் திணிக்கட்டும் என்றும் நாம் கேட்கவில்லை. பாடசாலை நூலகரின் பதவி வெற்றிடமாகவே கிடக்கும் போது, நூலக அறையின் சாவி அதிபரின் மேசைக்குள் உறங்கும் போது, ‘ஏன் அது?’ என்று கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்லும் பொறுப்பை யார் ஏற்பது என்பதே நமது கவலை. பட்டியலொன்றை ஆக்கிக்கொள்ளத் தமிழாசிரியர் சங்கங்களுக்குக் கோடிக் கணக்கில் முதலீடு தேவையில்லை. எந்த நூலுக்கு அடுத்து எந்த நூல், ஏன் என்று இரண்டு வரி, கீழே எழுதியவரின் பெயர், இவ்வளவும் போதும். நமது பாடசாலையில் இவ்வாண்டு அப்படியொரு கொப்பியை வைத்திருக்கின்றோம். இதுவரை நாற்பத்து மூன்று பதிவுகள். அவற்றுட் பல எழுத்துப் பிழைகள் மலிந்தவை. ஒன்று, இந்நூலை வாசிக்க வேண்டாம் என்று கட்டளையிடுகின்றது.

‘நீண்ட பயண’த்தை அந்த மாணவி மூன்று கிழமை கழித்துத் திருப்பித் தந்தாள். முடிவு தனக்குப் பிடிக்கவில்லை என்றாள். ‘பஞ்சமர்’ அதைவிட மேல் என்றாள். ஏன் என்று நாம் கேட்டோம். மணி அடித்துவிட்டது. கொப்பியிலே எழுதுவதாகச் சொல்லிவிட்டு ஓடினாள்.